பாலாறு வராத பாட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வழியாக ஆம்பூர் வரை எந்தச் சபைக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய ஒரே பாட்டுதான் காதில் விழுகிறது. லுத்தரன் கோயிலில் ஞானப்பாட்டு முடிந்த கையோடு அதைப் பாடுகிறார்கள். சி.எஸ்.ஐ. ஆலயத்தில் பாமாலைக்குப் பிறகு, பெந்தெகொஸ்தே கூடத்தில் எடுத்த எடுப்பிலேயே, கத்தோலிக்கக் கோயிலில் இளையோர் குழு பாடும் முறை வரும்போது. சில வாரங்களுக்கு முன் யூடியூபில் வந்து லட்சக்கணக்கானோர் பார்த்த பாட்டு அது. மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் கொழும்பு கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழ்ச் சபைகளையும் அது அதே வேகத்தில் எட்டிவிடுகிறது.

இதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் குறை தெரிந்ததுதான்: மேல்நாட்டு மெட்டைக் காப்பியடிக்கிறார்கள், சினிமா வாடை அடிக்கிறது. எல்லாப் பாட்டும் ஒன்றுபோல் இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடன் வாங்குவதே குற்றம் என்பதை ஏற்க முடியவில்லை. தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டு தொடக்கத்திலிருந்தே கடன் வாங்கித்தான் வளர்ந்தது. வாங்கியதைத் தன்னுடையதாக்கும் உழைப்புதான் இன்று குறைந்துபோயிருக்கிறது. அது தமிழ்நாட்டில் ஒரு விதமாகவும் இலங்கையில் வேறு விதமாகவும் குறைந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே தவறியது என்று தெரியும்.

பழைய கடன்களைப் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டில் லுத்தரன் மிஷனரி ஃபப்ரிசியஸ் ஜெர்மன் பாடல்களை மெட்டு மாறாமல் தமிழாக்கினார். லுத்தரன் சபைகள் இன்றும் பாடும் ஞானப்பாட்டுகளில் பல அவர் கை பட்டவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வாங்கியது வேறு இடத்தில். குறவஞ்சி, கும்மி, கீர்த்தனை என்று மக்கள் ஏற்கெனவே ஆடிப் பாடிக்கொண்டிருந்த வடிவங்களை எடுத்து அவற்றில் வேதக் கதையை இறக்கினார். 1800 வாக்கில் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியில் வடிவம் முழுக்க இரவல், பொருள் முழுக்கப் புதிது. அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. அந்த மதுரை மிஷனே 1834-இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் போட்ட கிளை. எங்கள் வேலூர் வட்டாரத்துக்கும் யாழ்ப்பாணம்தான் தாய்வீடு. 1819-இல் இலங்கை வந்து பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்த ஜான் ஸ்கடரின் பிள்ளைகள்தான் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள், வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. இரு கரையும் ஒரே குடும்பமாக இருந்த காலம் அது.

இலங்கையில் நடந்த பெரிய கடன், என் கணிப்பில், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாருடையது. கோவாவில் பிறந்து கொங்கணி பேசியவர். 1705-இல் இலங்கை வந்தார். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலம். வெளிப்படையாகப் பூசை வைப்பதே ஆபத்து. அந்த நிலையில் தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் நூல்கள் எழுதினார். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் ஈழத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் இழுத்து இழுத்துப் பாடப்படுகிறது. சிங்களக் கத்தோலிக்கர் தங்கள் மொழியில் பசாம் என்ற பாடுகளின் பாட்டைப் பாடுகிறார்கள். கேட்டவர்களுக்குத் தெரியும்: நம் ஊர் ஒப்பாரியின் சாயல் வியாகுலப் பிரசங்கத்தில் அப்படியே இருக்கிறது. இறந்தவர் தலைமாட்டில் உட்கார்ந்து பெண்கள் அழும் குரலை அது கோயிலுக்குள் கொண்டுவந்துவிட்டது.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் இருந்தவர் வீரமாமுனிவர். தேம்பாவணி பெரும் காவியம்தான். ஆனால் அதைப் படிக்கப் புலமை வேண்டும். கித்தேரியம்மாள் அம்மானை போன்றவற்றையும் அவர் எழுதினார் என்றாலும் அவருடைய புகழ் புலவர் அவையில்தான் நின்றது. கொன்சால்வெஸின் புகழ் கோயில் தரையில் நின்றது. இரண்டு பாதைகளும் அங்கேயே பிரியத் தொடங்கிவிட்டன என்று எனக்குப்படுகிறது.

இலங்கையில் இந்தத் தரைப் பாதை கூத்தாக வளர்ந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடலோரத்திலும் கத்தோலிக்கர்கள் புனிதர் கதைகளைக் கூத்தாகப் பாடி ஆடி வருகிறார்கள். மன்னாரில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு மரபுகளே உண்டு. இந்தக் கூத்தை யாரும் ஒலிப்பதிவை வைத்து ஓட்டிவிட முடியாது. கூத்து ஆசானான அண்ணாவியார் வந்து மாதக்கணக்கில் பழக்க வேண்டும். மீன்பிடித்துத் திரும்பியவர் இரவில் வந்து தன் பகுதியைப் பாடிப் பார்க்க வேண்டும். 1965-இல் நீ. மரிய சேவியர் அடிகளார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இந்த மரபின் மேல் நின்றுதான் திருப்பாடுகளின் நாடகங்களை மேடையேற்றியது. போர் நடந்த ஆண்டுகளிலும் மேடை நிற்கவில்லை. பிள்ளையை இழந்த தாய் பார்வையாளர் வரிசையில் இருக்கும்போது மேடையில் மரியாள் அழுதால், அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சிங்களப் பக்கத்தில் இன்னொரு வகை முயற்சி. தேவ சூரிய சேன ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு முறைக்குச் சிங்கள நாட்டுப்புற மெட்டுகளில் இசையமைத்தார். மார்சலின் ஜெயக்கொடி (1902–1998) கத்தோலிக்கக் குரு. 1956-இல் வந்த ரேகாவ படத்துக்குப் பாட்டெழுதினார்; இசை சுனில் சாந்த. 1983-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. கோயிலுக்கு எழுதிய கையாலேயே ஊருக்கும் எழுதினார், ஊரும் ஏற்றுக்கொண்டது. தமிழில் இதற்கு ஒப்பாகச் சொல்ல மாயூரம் வேதநாயகம் பிள்ளை இருக்கிறார். அவருடைய கீர்த்தனைகள் சமயம் பார்க்காமல் கச்சேரி மேடையில் ஏறின. அதன் பிறகு நம் பாட்டு கோயில் மதிலைத் தாண்டுவது அரிதாகிவிட்டது.

இவ்வளவு இருந்தும் இலங்கைத் தமிழ்ச் சபைகளின் வாராந்தரப் புதுப்பாட்டு ஏன் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போகிறது? சந்தை ஒரு காரணம். தமிழ்நாட்டில் ஒரு பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்து காட்சியும் எடுத்து வெளியிட ஆளும் பணமும் கேட்போரும் உண்டு. போரும் புலப்பெயர்வும் இலங்கையில் ஒரு தலைமுறைப் பாடகர்களைச் சிதறடித்தன. ஆனால் ஓட்டம் எப்போதும் இந்தத் திசையில் இருக்கவில்லை. சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் 1920-களில் கொழும்பில் பிறந்துதான் தமிழ்நாட்டுக்குள் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான டி. டி. நைல்ஸ் 1963-இல் ஆசியச் சபைகளுக்கென ஒரு பாடல்நூலைத் தொகுத்து, ஆசிய மெட்டுகளுக்கு அதில் பெரிய இடம் கொடுத்தார். புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோவின் விசுவவாணியைக் கேட்டு வளர்ந்த வீடுகள் எங்கள் ஜில்லாவில் ஏராளம். எமில் ஜெபசிங் போன்ற தமிழ்நாட்டுக்காரர்களின் குரலும் பாட்டும் இலங்கைக் கோபுரத்தில் ஏறித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தன.

இப்போது எங்கள் பக்கம். தமிழ்நாட்டின் பலம் பெருக்கம். பெர்க்மான்ஸ் அடிகளாரின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் தொகுதி தொகுதியாக வந்தபோது, கத்தோலிக்கரும் லுத்தரனும் பெந்தெகொஸ்தேயும் ஒரே பாட்டைக் கைதட்டிப் பாடினார்கள். அந்த மெட்டுகள் எளியவை. ஒரு தடவை கேட்ட பாட்டி இரண்டாம் தடவை பாடிவிடுவார். அது சாதாரண சாதனை இல்லை. அதற்குப் பின் வந்த அலையில்தான் சிக்கல். நான்கு கார்டுகள் சுற்றிச் சுற்றி வரும். அடியில் கீபோர்டின் பேட் ஒலி, மெல்ல ஏறும் டிரம்ஸ், நடுவில் ஒரு பிரிட்ஜ், அதைப் பத்துத் தடவை திருப்பிப் பாடுதல். சிட்னி ஹில்சாங்கிலிருந்து வந்த வார்ப்பு இது. நைஜீரியாவின் சினாக் 2015-இல் வெளியிட்ட வே மேக்கர் தமிழாகி இங்கே பாடப்படுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தியின் விசுவாசம் ஆம்பூர் வரை வருவது நல்ல விஷயம். ஆனால் நாமே புதிதாக எழுதும் பாட்டும் மொழிபெயர்ப்புப் போலவே ஒலிப்பது ஏன்?

முதல் காரணம் தமிழின் மாத்திரை அளவு. நம் மொழியில் குறிலும் நெடிலும் பொருளைத் தாங்குகின்றன. ஆங்கில மெட்டுக்குத் தமிழைப் பொருத்தும்போது நீளும் சுரத்தில் குறில் வந்து விழுகிறது, மனம் மானமாகிறது. கீர்த்தனைக்காரர்கள் இதில் கவனமாக இருந்தார்கள். இரண்டாவது காரணம் ட்ராக், அதாவது பதிவு செய்த பின்னணி இசை. எங்கள் ஊர்ச் சபைகள் பலவற்றில் வாசிக்க ஆள் இல்லாததால் ஃபோனிலிருந்து ட்ராக்கை ஓடவிடுகிறார்கள். ஓடத் தொடங்கினால் அது நிற்காது. முதல் சரணம் முடிந்து யாராவது கண்ணீரோடு அதே வரியை மறுபடி எடுத்தால் ட்ராக் பிரிட்ஜுக்குப் போயிருக்கும். ஸ்கேலும் பாடகருடையது; வயதான பெண்கள் மேலே எட்டாமல் பாதியில் வாயை மூடிக்கொள்கிறார்கள். பாடும் சபை, கேட்கும் சபையாகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிக வலிக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஞாயிறு பாடும் கூட்டத்தில் தோல் ஷெட்டிலும் ஷூ கம்பெனியிலும் நிற்கும் ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். ரசாயனத்தில் தோல் உரிந்த கையைத்தான் உயர்த்தி ஆராதிக்கிறார்கள். தோல் கழிவால் பாலாறும் கிணறும் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்கச் சட்டம் படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். எங்கள் பாட்டில் யோர்தான் வருகிறது, வனாந்தரம் வருகிறது. பாலாறு வருவதில்லை, ஷிப்டு வருவதில்லை, தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது வருவதில்லை. சங்கீதக்காரன் தன் ஊரையும் தன் எதிரியையும் தன் எலும்பு வலியையும் சொல்லித்தான் அழுதான்.

இதைச் செய்து காட்டியவர் நம்மிடமே இருந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). கர்நாடகக் கீர்த்தனை சபையில் உயர்ந்த சாதியின் சுவையை நிலைநிறுத்திவிட்டது என்று அவர் சொன்னார். தலித் கிறிஸ்தவர்கள் அவமானத்தின் அடையாளமென்று கைவிட்ட பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதை இறையியலாக்கினார். கடவுளைத் தாய் என்றோ தந்தை என்றோ பிரிக்காமல் பெற்றவராக அழைத்தார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் 2014-இல் அவரைப் பற்றி முழு நூலே எழுதினார். இங்கே எத்தனை கொயர்களுக்கு அவர் பெயர் தெரியும்? கீர்த்தனை பற்றிய அவருடைய தீர்ப்பு கொஞ்சம் கடுமை என்பது என் எண்ணம். சாஸ்திரியார் கும்மியையும் விடவில்லையே. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். தன் பாட்டைக் கிராமத்துப் பெண்கள் சொல் மாற்றி, மெட்டு மாற்றிப் பாடினால் அதை அவர் பிழையென்று எண்ணவில்லை. மாற்ற முடிகிற பாட்டுதான் அவர்களுடையது என்றார்.

எங்கள் ஊருக்கு மிக அருகிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. 1921-இல் சவரிராயன் ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம். இருவரும் டாக்டர்கள். திராவிடக் கோயில் அமைப்பில் ஜெபாலயம் எழுப்பி, தரையில் உட்கார்ந்து இந்திய முறையில் பாடி வழிபட்டார்கள். பக்கத்து ஏலகிரியில் ரிட்ரீட்டுக்கு வரும் இளைஞர் குழுக்கள் கிட்டாரோடு மலையேறி இறங்குகின்றன. அவற்றில் ஒன்றாவது ஒரு மாலை ஆசிரமத்துக்குப் போய் உட்கார்ந்து பாடிப் பார்க்கலாம்.

இலங்கையிடம் நான் கேட்பது அண்ணாவியாரை. மன்னாரிலிருந்து ஒருவர் வந்து தவக்காலம் முழுக்க எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் பழக்கட்டும், ட்ராக் இல்லாமல். இங்கிருந்து போகவேண்டியது இன்னொரு ஆல்பம் இல்லை. பறையும், பாடுபவர்களே பாட்டை மாற்றிக் கட்டும் அப்பாவுவின் முறையும். ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கிறிஸ்தவப் பெண்களுக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களுக்கும் இடுப்பு வலி ஒன்றுதான். அவர்கள் இரண்டு குழுவாக உட்கார்ந்து ஒரு சங்கீதத்தைத் தங்கள் பேச்சில் கட்டினால், மெட்டை யாரிடமிருந்து வாங்கினாலும் எனக்குக் கவலை இல்லை.