நன்றி யாருக்கு, பழி யாருக்கு?

கி.பி. 426 வாக்கில், வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஹாட்ருமேட்டம் என்ற ஊரின் துறவு மடத்தில் ஒரு கடிதத்தால் சண்டை மூண்டது. இன்றைக்குத் துனிசியாவில் சூஸ் என்று அழைக்கப்படும் நகரம்தான் அந்த ஊர். ஃப்ளோரஸ் என்ற துறவி தன் சொந்த ஊரான உசாலிசுக்குப் போனபோது அங்கிருந்த நூலகத்தில் அந்தக் கடிதத்தைப் பார்த்தார். ஹிப்போவின் ஆயர் அகஸ்டின், ரோமில் இருந்த சிக்ஸ்டஸ் என்ற குருவுக்குச் சில ஆண்டுகள் முன்பு எழுதியது. மனிதன் செய்யும் நன்மை அவனுடைய சொந்தச் சம்பாத்தியம் இல்லை, விசுவாசம்கூடக் கடவுள் கொடுத்ததுதான் என்று அதில் அவர் வாதாடியிருந்தார். ஃப்ளோரஸ் அதைப் படியெடுத்து, உடன் வந்த துறவியிடம் கொடுத்து மடத்துக்கு அனுப்பினார். மடாதிபதி வாலன்டினஸின் காதுக்கு எட்டாமலே அது கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டு, மடம் இரண்டுபட்டுப் போனது. எல்லாமே கிருபையின் செயல் என்றால், கடைசி நாளில் அவரவர் செய்கைக்குத் தக்க தீர்ப்பு எப்படிக் கிடைக்கும் என்பது பேச்சாக இருந்தது.

இரண்டு இளந்துறவிகள் ஹிப்போவுக்கே புறப்பட்டுப் போனார்கள். எழுபதைத் தாண்டிவிட்ட அகஸ்டின் அவர்களை ஈஸ்டர் முடியும்வரை தங்கவைத்து, பழைய ஏடுகளை எடுத்து உட்கார்ந்து விளக்கி, புதிதாக ஒரு நூலையும் எழுதிக் கொடுத்தனுப்பினார். சண்டை ஓயவில்லை. அடுத்து வந்த கேள்வி முன்னதைவிடக் கூர்மையானது. கீழ்ப்படியும் மனதைக் கடவுள்தான் தரவேண்டும் என்றால், கீழ்ப்படியாத என்னை மடத்துத் தலைவர் ஏன் கண்டிக்கிறார்? எனக்காக ஜெபம் பண்ணிவிட்டுப் பேசாமல் இருக்கலாமே? இதற்குப் பதில் இன்னொரு நூலாக வந்தது. குற்றம் உன்னுடையது, ஆகவே கண்டிப்பு உனக்கு உரியது. நீ திருந்தினால், உன்னைத் திருத்தக் கடவுள் கையாண்ட வழிகளில் அந்தக் கண்டிப்பும் ஒன்று. இதுதான் அதன் சாரம். கண்டிப்பு வாங்கிய துறவிக்கு இது போதுமானதாக இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கடவுளின் முன்குறிப்பும் மனிதனின் சுயசித்தமும் பற்றிய கிறிஸ்தவ விவாதத்தைப் பெரும்பாலும் ஒரு தத்துவப் புதிராகவே எழுதுகிறார்கள்: நாளை நான் செய்யப்போவதைக் கடவுள் இன்றே அறிந்திருந்தால், நாளை நான் வேறு மாதிரிச் செய்ய முடியுமா? புதிர் உண்மையானதுதான். ஆனால் இதற்காக யாரும் ஊரைவிட்டு ஓடவில்லை, சிறைக்குப் போகவில்லை. ஆட்களை உலுக்கியது நன்றியும் பழியும். நன்மைக்கு நன்றி கடவுளுக்கு, தீமைக்குப் பழி மனிதனுக்கு என்பதில் எந்தக் கிறிஸ்தவக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டையும் ஒரே நியாயத்தால் தாங்கிப்பிடிக்க முயலும்போதுதான் கை நழுவுகிறது. எல்லாம் அவர் செயல் என்றால் பழியும் அவர் வாசலில் போய் நிற்கும். செய்தவன் நான் என்றால் நன்றியில் எனக்கும் ஒரு பங்கு வந்துவிடும். தமிழ் வாசகருக்கு இதைப் படித்ததும் ஊழ் நினைவுக்கு வரலாம். ஊழுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, அதனிடம் நியாயம் கேட்பதும் இல்லை. இங்கே முடிவெடுப்பவர் நல்லவர், நீதியுள்ளவர் என்று துதிக்கப்படுகிறவர்; ஆகவே அவரிடம் கணக்குக் கேட்க முடிகிறது.

அகஸ்டினே இரண்டு பக்கமும் நின்றவர். இளமையில், தீமையைத் தனிச் சக்தியாகக் கண்ட மனிக்கேயர்களை எதிர்த்து எழுதியபோது, தீமைக்கு மூலம் மனிதனின் சித்தம்தான் என்று பழியை மனிதன்மேல் வைத்தார். 396-97 வாக்கில், மிலான் நகரத்துச் சிம்ப்ளிசியன் ரோமர் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரம் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும்போது தராசு மறுபக்கம் சாய்ந்தது. யாக்கோபும் ஏசாவும் பிறக்குமுன்பே, நன்மை தீமை ஒன்றும் செய்யுமுன்பே ஒருவன் தெரிந்துகொள்ளப்பட்டான் என்றால் அதற்குக் காரணம் யாக்கோபிடத்தில் இருக்க முடியாது. மனிதனிடம் உள்ள எதுவும் பெற்றுக்கொண்டதுதானே என்ற பொருளில் பவுல் கொரிந்தியரிடம் கேட்ட கேள்வி அதன்பிறகு அவரைவிட்டுப் போகவே இல்லை.

பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாஜியஸ் பழியின் பக்கத்திலிருந்து தொடங்கியவர். பேருக்குக் கிறிஸ்தவராக இருந்துகொண்டு, பலவீனம் என்று சாக்குச் சொல்லித் தப்பிக்கும் ரோமாபுரிச் சீமான்களைப் பார்த்துச் சலித்தவர் அவர். செய்ய முடியாததைக் கடவுள் கட்டளையிடுவாரா? கட்டளை உண்டு என்றால் திராணியும் உண்டு. 413இல் டெமெட்ரியாஸ் என்ற செல்வக் குடும்பத்துப் பெண் துறவு பூண்டபோது அவர் எழுதிய கடிதம் இந்த நம்பிக்கையின் தெளிவான சாசனம். வேடிக்கை என்னவென்றால், தன் கட்சிக்குச் சாட்சியாக அகஸ்டினின் இளமைக்கால நூலையே அவர் எடுத்துக்காட்டினார். 415இல் பாலஸ்தீனத்து டயோஸ்போலிஸ் சங்கம் அவரைக் குற்றமற்றவர் என்றது. 418இல் கார்த்தேஜ் சங்கம் அவர் போதனையைச் சபித்தது. அதே ஆண்டு பேரரசர் ஹொனோரியஸ் அவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் ரோமிலிருந்து வெளியேற்ற ஆணையிட்டார். பெலாஜியஸை ஆணவக்காரர் என்று சொல்வது எளிது. அவருடைய எழுத்தைப் படித்தால் தெரிவது ஒரு கண்டிப்பான வாத்தியார்.

கிழக்குத் திருச்சபை இந்த வழக்கில் அவ்வளவாகச் சிக்கவில்லை. கடவுள் எல்லாவற்றையும் முன்னறிகிறார், ஆனால் எல்லாவற்றையும் முன்குறிப்பதில்லை என்ற தமஸ்கு யோவானின் நிலையில் அது பெரும்பாலும் நின்றுவிட்டது. மேற்கில் 529இல் ஆரஞ்ச் நகரில் கூடிய சிறு சங்கம், விசுவாசத்தின் ஆரம்பமே கிருபையால்தான் என்றது. தீமைக்கென்று யாரும் முன்குறிக்கப்பட்டதாகச் சொன்னால் அதையும் சபித்தது. நன்றியையும் பழியையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, எப்படி என்று விளக்காமலே கலைந்துபோனது. அதன் தீர்மானங்கள் இடைக்காலத்தில் பல நூற்றாண்டுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தன.

விளக்காமல் விட்டதன் விலையைக் கொடுத்தவர் காட்ஷாக். சாக்சனிய பிரபு ஒருவரின் மகன். குழந்தையாக இருக்கும்போதே பெற்றவர்கள் அவரை ஃபுல்டா மடத்துக்கு நேர்ந்துவிட்டார்கள். வளர்ந்ததும், என்னைக் கேட்காமல் கொடுத்த வாக்கு என்னைக் கட்டாது என்று 829இல் மைன்ஸ் சங்கத்தில் முறையிட்டு வென்றார். மடாதிபதி ரபானுஸ் மவ்ருஸ் விடவில்லை. அரசர்வரை முறையிட்டு, குழந்தைகளை நேர்ந்துவிடுவது செல்லும் என்று ஒரு நூலே எழுதினார். காட்ஷாக் வேறு மடத்துக்கு மாற முடிந்தது, துறவிலிருந்து மீள முடியவில்லை. இந்த மனிதர்தான் பின்னாளில் அகஸ்டினைக் கரைத்துக் குடித்து, நல்லோர் வாழ்வுக்கும் தீயோர் தண்டனைக்குமாக இரட்டை முன்குறிப்பு உண்டு என்று போதித்தார். தன் வாழ்க்கையில் ஒன்றையும் தானாகத் தேர்ந்தெடுக்க விடப்படாதவருக்கு அந்தப் போதனை பொருந்தி வந்ததில் ஆச்சரியமில்லை என்று தோன்றும். அப்படி மனதை ஆராய்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவர் தன் மேற்கோள்களை நன்றாகவே அறிந்திருந்தார்.

848இல் மைன்ஸில், அதற்குள் பேராயராகிவிட்ட அதே ரபானுஸின் தலைமையில் அவர் கண்டிக்கப்பட்டார். மறு ஆண்டு கியெர்சியில் சவுக்கடி. தன் ஏடுகளைத் தன் கையாலேயே நெருப்பில் போடும்வரை அடித்தார்கள். பிறகு ரெய்ம்ஸ் பேராயர் ஹிங்மாரின் காவலில் ஓவில்லியர் மடத்தில் சாகும்வரை அடைபட்டுக் கிடந்தார், ஏறக்குறைய இருபது ஆண்டுகள். கொதிக்கும் தண்ணீரும் எண்ணெயும் கீலும் நிறைந்த பீப்பாய்களில் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் நெருப்புக்குள்ளும் நடந்து தன் போதனையை மெய்ப்பிக்கத் தயார் என்று எழுதிவைத்தார். யாரும் அவரைச் சோதிக்க முன்வரவில்லை.

முன்னறிவுப் புதிருக்கு வருவோம். 524 வாக்கில் மரண தண்டனைக்குக் காத்திருந்த போயிதியஸ் சிறையிலிருந்தே ஒரு விடை சொன்னார்: கடவுளுக்கு முன், பின் என்பதில்லை, எல்லாக் காலமும் அவருக்கு ஒரே நிகழ்காலம், ஒருவன் நடப்பதை நான் பார்ப்பதால் அவன் கட்டாயத்தால் நடக்கிறான் என்றாகாது. தாமஸ் அக்வினாஸ் மேலும் ஒரு படி போனார். கடவுளும் மனிதனும் ஒரே செயலைப் பங்குபோட்டுச் செய்வதில்லை. முதற்காரணமாகக் கடவுளும் துணைக்காரணமாக மனிதனும் முழுச் செயலையும் செய்கிறார்கள், ஒவ்வொருவரும் தத்தம் தளத்தில். நேர்த்தியான விடை. நன்றிக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. பழிக்கு வந்தால், தீமை என்பது குறைவுதான், குறைவுக்கு முதற்காரணம் தேவையில்லை என்று நழுவ வேண்டியிருக்கிறது.

1524இல் எராஸ்மஸ் சுயசித்தத்துக்கு ஆதரவாக எழுதினார். நடக்கப் பழகும் குழந்தையைத் தகப்பன் தூக்கி நிறுத்தி, ஆப்பிளைக் காட்டி, விழாமல் பிடித்துக் கூட்டிப்போய், கடைசியில் கையிலும் கொடுக்கிறான். குழந்தையால் தானாக அதை எட்ட முடியாது, ஆனாலும் அது கொஞ்சம் நடந்திருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைத்தான் எராஸ்மஸ் கேட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த லூத்தரின் மறுப்பு அந்தக் கொஞ்சத்தையும் விட மறுத்தது. போப்பாண்டவர், உத்தரிக்கிற ஸ்தலம் போன்ற சில்லறை விஷயங்களை விட்டு மையத்தைத் தொட்டதற்காக எராஸ்மஸைப் பாராட்டிவிட்டு, சுயசித்தத்தைக் கொடுத்தாலும் தனக்கு வேண்டாம் என்றார். இரட்சிப்பு துளியளவு தன் கையில் இருந்தாலும், போதுமான அளவு செய்தோமா என்ற பயத்தில் ஒரு நாளும் நிம்மதியாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். மடத்தில் தன்னைத் தானே வதைத்துப் பார்த்தவரின் பேச்சு இது. கால்வினும் தன் பெரிய இறையியல் நூலின் 1559 பதிப்பில் முன்குறிப்பைத் தொடக்கத்தில் வைக்கவில்லை; கிறிஸ்துவின் கிருபையைப் பெறுவது பற்றிய மூன்றாம் பகுதியில்தான் வைத்தார். நன்றியின் உபதேசம் அது. ஜெனீவாவில் போல்செக் என்ற மருத்துவர், அப்படியானால் பாவத்தின் பழி கடவுளையே சேரும் என்று 1551இல் எழுந்து சொன்னபோது, அவரைப் பிடித்து அடைத்து நாடு கடத்தினார்கள்.

ஹாலந்தில் இதே சண்டை அரசியலோடு பின்னிக்கொண்டது. லெய்டன் பேராசிரியர் ஆர்மினியஸ் 1609இல் இறந்தார். மறு ஆண்டு அவர் வழிவந்தவர்கள் கால்வின் மரபின் முன்குறிப்பை எதிர்த்து ஐந்து அம்ச மனு கொடுத்தார்கள். 1618-19இல் டார்ட் சங்கம் அதை நிராகரித்தது. அவர்களை ஆதரித்த முதுபெரும் அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே 13 அன்று ஹேக் நகரில் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் தலை வெட்டப்பட்டார். ஆயுள் சிறை பெற்ற ஹ்யூகோ குரோஷியஸ் 1621இல் புத்தகப் பெட்டிக்குள் படுத்துத் தப்பினார்.

கத்தோலிக்கர்களிடையே நடந்த போர் இன்னும் நுணுக்கமானது, என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே அறிவுக்கு விருந்தானது. 1588இல் லிஸ்பனில் வெளிவந்த நூலில் இயேசு சபையைச் சேர்ந்த மொலினா, கடவுளுக்கு ‘இடைநிலை அறிவு’ உண்டு என்றார். சவுலுக்கு அஞ்சிக் கேகிலாவில் இருந்த தாவீது, இந்த ஊரார் என்னைக் காட்டிக்கொடுப்பார்களா என்று கடவுளிடம் கேட்கிறான். கொடுப்பார்கள் என்று பதில் வருகிறது. தாவீது ஊரைவிட்டுப் போய்விடுகிறான், யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நடக்காத ஒன்று நடந்திருக்கும் என்று கடவுளுக்குத் தெரிந்திருக்கிறது! எந்தச் சூழ்நிலையில் யார் தன் சுயசித்தத்தால் என்ன செய்வார் என்பதை அறிந்து, அதற்கேற்ற உலகத்தைப் படைக்கிறார் என்பது மொலினாவின் முடிவு. தொமினிக்க சபையின் பான்யெஸ் மடக்கினார்: இன்னும் படைக்கப்படாத மனிதன் என்ன செய்வான் என்பதை உண்மையாக்குவது எது? கடவுளின் தீர்மானம் இல்லையென்றால் கடவுளுக்கு வெளியே ஏதோ ஒன்று அவரைக் கட்டுப்படுத்துகிறது. என் பார்வையில் இந்தக் கேள்விக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.

ரோமில் ஏறக்குறைய பத்தாண்டு விசாரணை. ஒரு தரப்பு மறுதரப்பைப் பெலாஜியர் என்றது, மறுதரப்பு இவர்களைக் கால்வினியர் என்றது. 1607 ஆகஸ்ட் 28, அகஸ்டினின் திருநாளன்று, போப் ஐந்தாம் பால் வழக்கை முடித்துவைத்தார்: இரு தரப்பும் தங்கள் போதனையைத் தொடரலாம், ஒருவரையொருவர் பதிதர் என்று சொல்லக் கூடாது, தீர்ப்பு உரிய காலத்தில் வரும். அந்தத் தீர்ப்பு இன்றுவரை வரவில்லை. கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். கியெர்சியின் சவுக்கோடும் ஹேக் நகரத்து வாளோடும் ஒப்பிட்டால் எனக்கு அப்படிப் படவில்லை.

புராட்டஸ்டண்டுகள் பக்கம் ஜான் வெஸ்லி 1739இல் முன்குறிப்புக்கு எதிராகப் பிரசங்கித்தார். பிரசங்கித்து அச்சிடலாமா என்பதை அவர் சீட்டுப் போட்டுப் பார்த்து முடிவு செய்தார் என்பதை நண்பர் ஒயிட்ஃபீல்ட் தன் பதிலில் குத்திக்காட்டத் தவறவில்லை. 1754இல் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் எழுதிய நூல் தர்க்கத்தில் இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. விரும்பியதைச் செய்ய முடிந்தால் அதுவே சுதந்திரம். அந்த விருப்பத்தையும் தேர்ந்தெடுத்தாயா என்று கேட்டால் கேள்விக்கு முடிவே இருக்காது. கை கால் முடியாதவனின் இயலாமை வேறு, மனம் வராதவனின் இயலாமை வேறு. பின்னதற்குப் பழி உண்டு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஆண்ட்ரூ ஃபுல்லர், தெரிந்துகொள்ளப்பட்டவர் யார் என்று அறியாமலே எல்லாருக்கும் நற்செய்தி சொல்வது கடமை என்று ஆங்கிலேய பாப்டிஸ்டுகளைத் திருப்பினார். எட்வர்ட்ஸின் சீடர் மரபு வலுவாக இருந்த நியூ இங்கிலாந்தில் 1810இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரி அமைப்பு தோன்றியது. அதன் மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834இல் மதுரைக்கும் வந்து சேர்ந்தார்கள். எல்லாம் முன்குறிக்கப்பட்டது என்று நம்பியவர்கள் இவ்வளவு தூரம் கப்பலேறியதற்கு இந்தத் தர்க்கமும் ஒரு காரணம்.

இருபதாம் நூற்றாண்டில் கார்ல் பார்த் 1942இல் மேசையையே புரட்டிப்போட்டார். தெரிந்துகொள்ளப்பட்டவரும் தள்ளப்பட்டவரும் ஒருவரே, இயேசு கிறிஸ்து. தள்ளப்படுதலைக் கடவுள் தனக்கென்றே தெரிந்துகொண்டார். பழி மனிதனுடையது என்றோ கடவுளுடையது என்றோ எல்லோரும் வழக்காடிக்கொண்டிருக்க, கடவுள் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார் என்று இவ்வளவு அழுத்தமாகச் சொன்னது அவர்தான். அப்படியானால் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்களா என்று கேட்டபோது பார்த் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கிளார்க் பின்னாக், ஜான் சாண்டர்ஸ் முதலியோர் 1994இல் எதிர்த்திசையில் போனார்கள்: சுயசித்தம் மெய்யானால் அதன் எதிர்காலத் தேர்வுகள் இன்னும் இல்லை, இல்லாததைக் கடவுள் அறியவேண்டியதில்லை. பழியிலிருந்து கடவுளை விடுவிக்கும் வழிகளில் இதைவிட நேரடியானது இல்லை. ஆனால் நன்றி இங்கே மெலிந்துவிடுகிறது. விபத்தில் பிழைத்தவர் ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்போது, கடவுளும் அந்த முடிவை எதிர்பார்த்துக் காத்திருந்தார் என்று அவர் சொல்ல நினைப்பதில்லை. அமெரிக்காவின் இவாஞ்சலிக்கல் இறையியல் சங்கம் 2003இல் இவ்விருவரையும் நீக்க வாக்கெடுத்தது. நீக்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இருவர் விஷயத்திலும் அது கிடைக்கவில்லை.