வாதாவியும் கழுமரமும்: பெரியபுராண வாசிப்பில் இரு அளவுகோல்கள்

சிறுத்தொண்டர் புராணத்தில் வாதாவிப் போரைக் கூறச் சேக்கிழார் எடுத்துக்கொள்வது மிகச் சில அடிகளே. பரஞ்சோதியார் மன்னனுக்காகப் படைநடத்தி வடபுலத்து வாதாவியை அழித்தார். மணியும் நிதியும் யானையும் குதிரையும் கவர்ந்து மீண்டார். மன்னன் யார் என்பதைக்கூடப் புலவர் சொல்லவில்லை. ஆயினும் அச்சில அடிகளே தமிழிலக்கியக் கால ஆராய்ச்சிக்கு அடிக்கல்லாயின. முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றியது கி.பி. 642 அளவில் என்பது பல்லவர் செப்பேடுகளாலும் வாதாபியிலேயே உள்ள பாறைக் கல்வெட்டாலும் துணியப்பட்டது. திருஞானசம்பந்தர் தம் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைப் பெயர் சுட்டிப் பாடுகிறார். எனவே சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். கல்வெட்டறிஞர் வெங்கையா கட்டியெழுப்பிய இவ்வாதத்தை ஆய்வாளர் பெரும்பாலோர் இன்றும் ஏற்கின்றனர்.

அதே புராணத்தின் பிற்பகுதியில் அதே பரஞ்சோதியார் தம் மகன் சீராளனை அரிந்து பைரவ அடியாருக்குக் கறியமுது படைக்கிறார். இதற்கு ஆண்டு கணிக்க எவரும் முற்படுவதில்லை. முற்பகுதியை வரலாறு என்று எடுத்தாளும் அதே கை, பிற்பகுதிக்கு வந்ததும் ‘இது தத்துவம்’, ‘இது கதை’ என்று ஏட்டை மூடிவிடுகிறது. நூல் ஒன்று, புலவர் ஒருவர், தலைவர் ஒருவர். எந்த விதியால் ஒரு பாதி சான்றாகவும் மறுபாதி உருவகமாகவும் ஆயிற்று என்பதை இவ்வாய்வுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. பெருமை தருவது வரலாறு, கூசச் செய்வது கதை என்ற எழுதப்படாத வழக்கே இங்குத் தொழிற்படுகிறது.

சோழர் காலத்துச் சைவர்க்கு இப்பிரிவினை இருந்ததாகத் தெரியவில்லை. சேக்கிழாருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, முதலாம் இராசராசன் காலத்தில், தஞ்சைப் பெரிய கோயிலில் அரசு அதிகாரி ஒருவர் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளுள் சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் மூவரும் இடம்பெற்றதைக் கல்வெட்டுக் கூறுகிறது. வாதாவி வென்ற படைத்தலைவருக்காக அன்று. பிள்ளையை அளித்த குடும்பத்திற்காகவே அத்திருமேனிகள் வார்க்கப்பட்டன. வழிபடப்பட்டது என்பதால் நிகழ்ந்தது என்று ஆகாது. ஆனால் வழிபட்டோர்க்கு அது வெறுங்கதை அன்று என்பதையும் மறுக்க இயலாது.

இவ்விரட்டை அளவுகோல் தீங்கற்ற பழக்கமாகத் தோன்றலாம். சம்பந்தர் புராணத்திற்கு வரும்போது அது அவ்வாறு இருப்பதில்லை. ‘பிள்ளை பாதி, புராணம் பாதி’ என்று சைவர் சொல்லும் அப்பெரும் பகுதியில், மதுரையில் அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறிய செய்தி வருகிறது. இது நிகழ்ந்ததா?

சம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலானவற்றின் பத்தாம் பாடலில் சமணரையும் பௌத்தரையும் கடிந்துரைக்கிறார். தாம் தங்கிய மடத்தில் இடப்பட்ட தீ பாண்டியனைச் சென்று பற்றுமாறும் பாடுகிறார். கழுவேற்றத்தைப் பற்றி அவர் வாக்கில் ஒரு சொல்லும் இல்லை. கிடைக்கும் நூல்களுள் அச்செய்தி தலைகாட்டுவது சில நூற்றாண்டுகள் கழித்து, நம்பியாண்டார் நம்பியிடம்தான். சேக்கிழாரோ அந்த எண்ணாயிரவரை மதுரையைச் சூழ்ந்த எண்பெருங்குன்றங்களோடு இணைக்கிறார். எட்டுக் குன்றம், எட்டாயிரவர் என்னும் இவ்வொழுங்கே ஐயத்தைத் தூண்டுகிறது. தில்லை மூவாயிரவர், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலிய வழக்குகளில் எண் என்பது தலைகளின் தொகை அன்று, குழுவின் பெயர். நாலடியார் பற்றிய மரபுக்கதையிலும் சமண முனிவர் எண்ணாயிரவர் என்றே வருகின்றனர். ஒரு குழுவின் பெயர் காலப்போக்கில் பிணங்களின் கணக்காக மாறியிருத்தல் கூடும்.

குன்றங்களும் தம் பங்குக்குச் சான்று பகர்கின்றன. மதுரையை அடுத்த ஆனைமலையிலும் கீழக்குயில்குடிச் சமணர்மலையிலும் காணப்படும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் அவற்றைச் செய்வித்தோர் பெயர் கூறும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் பெயர் அங்கெல்லாம் பொறிக்கப்பட்டுள்ளது. பழனியை அடுத்த ஐவர்மலைக் கல்வெட்டு கி.பி. 870இல், பாண்டியன் இரண்டாம் வரகுணன் ஆட்சியில் வெட்டப்பட்டது. சமணம் தென்பாண்டி நாட்டில் ஏழாம் நூற்றாண்டில் வேரறுக்கப்பட்டது என்னும் கூற்று இக்கற்களின் முன் நிற்காது. நீலகண்ட சாத்திரியார் கழுவேற்றத்தை வரலாறாகக் கொள்ள மறுத்தமை சரியே.

‘ஆகவே அது கதைதான்’ என்று இங்கு ஆறுதல் பெருமூச்சு விடுவோர் உளர். அவர்கள் விரைந்துவிட்டனர். நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகச் சொல்லி, கோயிற் சுவரில் ஓவியமாகவும் தீட்டி மகிழ்ந்த ஒரு சமூகம் வரலாற்றில் மெய்யாகவே இருந்தது. கொலை நிகழ்ந்ததற்குச் சான்றில்லை; கொலையைப் புண்ணியச் செயலாக விரும்பியதற்குச் சான்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர்களில் இன்றும் வாழும் தமிழ்ச் சமணர்க்கு, ‘கதை’ என்னும் ஒற்றைச் சொல் போதிய விடையாகாது.

‘நடந்ததா, இல்லையா’ என்னும் வினாவே நூலின் மதிப்பை முடிவுசெய்யும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். 1854இல் வந்த அவருடைய சைவதூஷண பரிகாரம், மிசனரிமார் சைவத்தின்மேல் வைத்த கண்டனங்களுக்கு விவிலியத்திலிருந்தே எதிர்ச்சான்று காட்டியது. வாதத்திறம் வியக்கத்தக்கது. ஆனால் எதிரியின் களத்தில் இறங்கியவர் எதிரியின் அளவுகோலையும் ஓரளவு ஏற்க நேர்ந்தது. அதே நாவலர் பெரியபுராணத்திற்கு எழுதிய சூசனம், ஒவ்வோர் அடியாரின் ஒழுக்கமும் எந்தச் சாத்திரக் கருத்தை உணர்த்துகிறது என்று விளக்குவது. அது முற்றிலும் வேறான வாசிப்பு. வசனம் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவிய அளவுக்குச் சூசனம் பரவவில்லை என்பது வருந்தத்தக்கது. 1943இல் அண்ணா ஒருபுறமும் ரா. பி. சேதுப்பிள்ளை, சோமசுந்தர பாரதியார் மறுபுறமும் நின்று கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிப்பது பற்றி வாதிட்டபோது, நூலை எரிக்கச் சொன்னவரே அதன் சொற்களை அழகு என்று ஒதுக்காது முழுப்பொருளில் எடுத்துக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

இனிச் சேக்கிழாரிடமே திரும்பலாம். ‘உலகெலாம்’ என்று இறைவன் அடியெடுத்துக் கொடுத்த நூல் இது என்பது மரபு. பன்னிரண்டாம் திருமுறை என்னும் தகுதியும் இதற்கு உண்டு. இறைவாக்காக வாசிப்போர் எல்லாப் பாடலையும் ஒரே நிறையில் ஏற்கவேண்டியவராகின்றனர். புலவர் அவ்வாறு எழுதவில்லை. கழுவேற்றக் கட்டத்தில் அவர் சற்றே நிற்கிறார். சம்பந்தர்க்குப் பகை இல்லை என்கிறார். ஆயினும் சைவர் வாழும் மடத்திற்குச் சமணர் தீங்கு செய்தமையால், வேந்தன் செயலை விலக்காது இருந்தார் என்கிறார். ஆணையிட்டவன் அரசன், தோற்றால் கழுவேறுவோம் என்று சபதம் கூறியவர் சமணரே. இவ்வாறு பொறுப்பு ஒவ்வொருவர் தோளாக மாற்றப்படுகிறது. தெய்வச் செயலுக்கு இத்தனை காரணம் வேண்டியதில்லை. வெறுங்கதைக்கும் வேண்டியதில்லை. ஞானக் குழந்தை ஏன் தடுக்கவில்லை என்று பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒருவர் கேட்டிருக்க வேண்டும். அக்கேள்வி புலவர் நெஞ்சிலேயே எழுந்திருக்கவும் கூடும். புலம்பெயர் நாடுகளின் வார இறுதிச் சைவ வகுப்புகளில் பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுப்பக்கூடிய வினாவும் அதுவே. அவளிடம் வசனச் சுருக்கத்தை நீட்டுவதைவிட அந்த ஒரு பாடலை எடுத்துக் கொடுக்கலாம்: விலக்காது இருந்தார் என்று எழுதுமுன் புலவர் தேடிய காரணங்களை அவளே எண்ணிப் பார்க்கட்டும்.