ஒரு பிடி வுட் வுல்

பீங்கான், கண்ணாடிச் சாமான் வந்த பெட்டியில் வுட் வுல் என்கிற மரச்சுருள் கிடந்தால் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். ஒரு பிடி எடுத்து, அதிலிருந்து ஓர் இழையை மட்டும் அறுந்துபோகாமல் மெல்ல உருவிப் பாருங்கள். முழு இழையென்றால் அரை மீட்டர் வரைகூட வரும். உருண்டை நூலாக இல்லாமல், நாடா போலத் தட்டையாக இருக்கும்.

தச்சுப் பட்டறையில் மிஞ்சிய சீவல் என்று இதைப் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இதற்கென்றே மரம் அறுக்கிறார்கள். ஸ்புரூஸ், பைன், ஆஸ்பென் போன்ற லேசான மரங்களைப் பட்டை உரித்து, துண்டுபோட்டு, காயவைத்து இயந்திரத்தில் கொடுப்பார்கள். வரிசையாக நிற்கும் கூர்முனைகள் மரத்தின் நார் ஓடும் திசையிலேயே கோடு கீறும். பின்னால் வரும் அலகு அந்தக் கோடுகளைச் சீவி எடுக்கும். முனைகளின் இடைவெளி இழையின் அகலம், அலகு இறங்கும் ஆழம் அதன் கனம். நார் குறுக்குவாக்கில் வெட்டுப்படாமல் இருப்பதால்தான் இழைக்கு இந்தத் துள்ளல். கைக்குள் இறுக்கிப் பிடித்து விடுங்கள்: நல்ல சரக்கு உடனே எழும்பும். வெள்ளைத்தாளின் மேல் உதறினால் தூள் அதிகம் கொட்டக்கூடாது.

அடுத்தது காதால் கேட்கும் சோதனை. ஜெர்மனியின் கீங்கன் ஊரில் ஷ்டைஃப் நிறுவனம் 1902-ல் உருவாக்கிய கரடி பொம்மைக்குள் இருந்தது இதுதான். அந்தக் காலத்துக் கரடியை லேசாக அமுக்கினால் உள்ளே மொறுமொறுக்கும். பழம்பொம்மை சேகரிப்பவர்கள் வயதைக் கணிக்க அந்தச் சத்தத்தையும் கவனிப்பார்கள். உடம்புக்கு இலவம்பஞ்சு வந்த பிறகும், மூஞ்சி அமுங்கிவிடாமல் நிற்கத் தலைக்கு வுட் வுல் திணித்தவர்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உபயோகம் இது.

ஏர் கூலரில் இதையே தட்டியாகக் கட்டுகிறார்கள். மெல்லிய நாடாக்களில் தண்ணீர் பரவ, உலர்ந்த காற்று ஊடே புகும்போது ஈரம் ஆவியாகிக் காற்று குளிர்கிறது. டெல்லி, ராஜஸ்தான் வெயிலுக்குப் பொருந்துகிற அளவுக்குச் சென்னைப் புழுக்கத்துக்கு இது எடுபடாது. நாளாக ஆகத் தட்டியில் சுருள் கீழே சரிந்து மேலே இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். சூடான காற்று நுழைவது அந்த வழியாகத்தான்.

சிமென்ட் கலந்து அழுத்திய வுட் வுல் பலகையை டென்மார்க் பள்ளிகளின் உட்கூரைகளில் காணலாம். அப்படியொரு கூரையின் கீழ் நின்று கை தட்டினால் எதிரொலி சட்டென்று அடங்கும், இழைகளுக்கு நடுவே உள்ள பொந்துகள் ஒலியை வாங்கிக்கொள்வதால். நிறம் மாற்ற வேண்டுமானால் மெல்லிய தெளிப்பாக அடிக்க வேண்டும். பொந்துகள் அடைபடுகிற அளவுக்குப் பெயின்ட் பூசினால் அந்தக் குணம் போய்விடும்.