பட்டா இல்லாத மூன்று தலைமுறை

கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' 1981-இல் வெளிவந்தது. கெடா, பீடோங்கில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. நம்ம ஆட்கள் தோட்ட நாவல்களைப் பட்டியல் போடும்போது இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கேட்டால், "அது இங்கிலீஷ் நாவல்தானே" என்பார்கள். இருக்கட்டும். நிலத்தின் மேல் நமக்கு இருக்கிற ஆசையை இவ்வளவு தூரம் தோண்டிப் பார்த்த நாவலை நான் தமிழிலும் படித்ததில்லை.

பாட்டி பெரியத்தாய் இந்தியாவிலிருந்து மூன்று பையன்களோடு வந்து இறங்குகிறார். தெருத்தெருவாக விற்றுப் பிழைத்து ஒரு வீடு கட்டுகிறார். அந்த மண் அவருக்குச் சொந்தமாகாமலே 1958-இல் இறந்துபோகிறார். மகன் நைனாவுக்கு மருத்துவமனையில் துணி வெளுக்கும் வேலை. அவரும் ஆற்றோரம் ஒரு நிலத்தைப் பிடித்து வீடு கட்டுகிறார். பட்டா கிடையாது. மெல்ல மெல்லப் புத்தி பேதலித்து, தமிழும் மலாயும் கண்டனீசும் கலந்து அந்த மண்ணை நோக்கி மந்திரம்போல் என்னவோ சொல்லத் தொடங்குகிறார். கடைசியில் அந்த வீட்டோடு எரிந்துபோகிறார். இதையெல்லாம் நமக்குச் சொல்பவன் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்த் தப்பித்துக்கொண்ட பேரன் ரவி.

சொத்து கைமாறுவதுதான் குடும்ப நாவலின் வழக்கமான எலும்புக்கூடு. வேல்ஸ் எழுத்தாளர் ஆங்கரட் பிரைஸின் 'தி லைஃப் ஆஃப் ரெபெக்கா ஜோன்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். 2002-இல் வெல்ஷ் மொழியில் வந்து, பிறகு ஆங்கிலத்துக்குப் போன நாவல் இது. அதில் வரும் விவசாயக் குடும்பம் 1012-லிருந்து அதே மலைப் பள்ளத்தாக்கில் உழுகிறது. பார்வையில்லாத பிள்ளைகள் பிறக்கிறார்கள், சாவு வருகிறது, காலம் மாறுகிறது. நிலம் மட்டும் அங்கேயே இருக்கிறது. அதனால் எழுத்தாளர் எதைத் தொட்டாலும் அதன் கீழே ஒரு தரை தட்டுப்படுகிறது.

நமக்குத் தரை எது? வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுத் துண்டாடியபோது வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது. தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே இதனால்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் பெரும்பாலான குடும்பங்களின் கையில் ஒரு துண்டு மண் இல்லை.

ஆனால் வேறொன்று இருந்தது. பொந்தியான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி இன்றைக்கும் "என் நெரை" என்றுதான் சொல்வார். நானூறு, ஐந்நூறு மரம். "மூணாவது மரத்துல கத்திய ஆழமா வைக்கக்கூடாதுய்யா, பட்டை மெலிசு" என்பார். அந்த மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. தோட்டத்தின் முதலாளி யார் என்று பாட்டிக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் எந்த முதலாளிக்கும் அந்த மூன்றாவது மரத்தைத் தெரியாது. சட்டம் இதைச் சொத்து என்று சொல்லாது. இலக்கியம் சொல்லலாமே?

மணியத்திடம் எனக்குள்ள குறை இங்கேதான். பட்டா கிடைக்காத வலியை அவர் எரிகிற வீடு வரைக்கும் கொண்டுபோகிறார். கைப்பழக்கத்தால் வருகிற இந்த உரிமையை அந்த அளவுக்குத் தேடவில்லை. பெரியத்தாய்க்குப் பிறகு வரும் பெண்கள் நிழலாகவே நின்றுவிடுகிறார்கள். ரவி தப்பித்தவன். அவன் கண்ணில் நிலம் தந்தையைத் தின்ற ஒன்று, அவ்வளவுதான். அங்கேயே இருந்து வெட்டியவர்களின் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

நம் தமிழ்த் தோட்ட நாவல்களில் பலவும் வேறு வழியில் இதே இடத்தைத் தவறவிடுகின்றன. கப்பலில் தொடங்கி, கங்காணி, ஜப்பான்காரன், துண்டாடல் என்று வரிசையாக வந்து தோட்டம் மூடுவதில் முடிகின்றன. வரலாறு சரியாகத்தான் இருக்கிறது, அதைச் சுமக்கிற குடும்பம்தான் வெறும் சுமைதாங்கிக் கல்லாக நிற்கிறது. தாத்தா பட்டதையே அப்பாவும் பட்டார் என்றால் அது தலைமுறைக் கதை ஆகாது. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு என்ன வந்தது, அதில் எதை அவர் வேண்டாம் என்று தள்ளினார் என்பதுதான் தலைமுறை. நைனா தன் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டது மண்ணாசை. ரவி அதை வேண்டாம் என்று தள்ளப் பார்த்தவன். இந்த ஒரு விஷயத்தில் மணியம் நம் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார்.

பிரைஸின் நாவலில் இன்னொன்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில்தான் தெரிய வரும்: முதுமை வரைக்கும் தன் கதையைச் சொல்லிவந்த ரெபெக்கா, நிஜத்தில் 1916-இல் தொண்டை அடைப்பான் நோயில் பதினோரு வயதிலேயே இறந்துபோனவள். ஆயிரம் வருஷம் நிலம் வைத்திருந்த குடும்பத்துக்கே, வாழாமல் போனவளைக் கற்பனையில் எழுப்பித்தான் கதை சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. ஆவணம் இல்லை, பட்டா இல்லை என்று நாம் உட்கார்ந்திருக்க இனி என்ன காரணம்?

'தி ரிட்டர்ன்' கிடைத்தால் படியுங்கள். படித்து முடித்த கையோடு வீட்டில் இருக்கிற பெரியவரிடம், எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினோம் என்று கேட்காதீர்கள். "உங்க நெரையில எத்தனை மரம்?" என்று கேளுங்கள்.