முதலில் எர்த், அப்புறம் கிராபிக்ஸ் கார்டு

திருச்சுழியில் இருக்கும் அக்கா மகன் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான். மொத்தம் 60,000 ரூபாய். அதில் 35,000 கிராபிக்ஸ் கார்டுக்கு. ப்ராசஸர், போர்டு, ராம், எஸ்எஸ்டி, கேபினட், எஸ்எம்பிஎஸ் எல்லாம் மிச்சமுள்ள 25,000-க்குள். மானிட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

"யூடியூப்ல எல்லாரும் இப்படித்தான் மாமா சொல்றாங்க" என்றான்.

அவர்கள் சொல்வது ஏசி அறைக்குச் சரி. சித்திரையில் மத்தியானம் இரண்டு மணிக்கு மின்விசிறியே அனல் வீசும் ஊருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பட்டியலைக் கீழிருந்து மேலாகத் திருப்பினேன். எஸ்எம்பிஎஸ் முதலில், கார்டு கடைசியில். அவனுக்கு முகம் வாடிவிட்டது. 2024 மே மாதம், கத்தரி வெயிலில், இருவரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பூட்டினோம். இரண்டு கோடை தாண்டிவிட்டது. முதல் முறையாகத் தானே பூட்டப்போகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் உண்டு. எனது முந்தைய கம்ப்யூட்டரில் இருந்தது கேபினட்டோடு சேர்த்தே கொடுத்த எஸ்எம்பிஎஸ். ஒரு மாலை வோல்டேஜ் இறங்கி ஏறியபோது 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாடை. அது போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. கடையில் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் வாங்கியதும் பின்பக்கம் பாருங்கள். 115, 230 என்று மாற்றும் சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். அது பழைய வடிவமைப்பு. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ளதற்கு அந்த ஸ்விட்ச் தேவையில்லை. அவற்றில் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் தானே சமாளித்துக்கொள்ளும்; லேபிளில் அப்படிப் போட்டிருக்கிறதா பாருங்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் மிக்ஸியும் ஓடும் நேரத்தில் 190-க்கு இறங்கும் லைனில் இது பெரிய காப்பு.

பெட்டியில் 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பாதிச் சுமையில் ஏறக்குறைய 85 சதவீத மின்சாரம் வீணாகாமல் வெளிவரும் என்பதற்கான முத்திரை அது. அதற்கான சோதனை நடப்பது 23 டிகிரி வாக்கில். நம் வீட்டில் அந்த அளவு வெப்பம் மார்கழி விடியற்காலையில்தான் இருக்கும். ஆகவே அச்சிட்ட விவரத்தில், முழு வாட்ஸும் எத்தனை டிகிரி வரை கிடைக்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 40 என்று இருந்தால் சரி, 50 என்று இருந்தால் இன்னும் நல்லது. நாங்கள் எடுத்தது 550 வாட்ஸ். தேவைக்கு இரண்டு மடங்குதான், ஆனால் பாதிச் சுமையில் ஓடும் எஸ்எம்பிஎஸ் சூடாவதும் குறைவு.

யூபிஎஸ்ஸை எஸ்எம்பிஎஸ் இல்லாமல் தனியாக வாங்காதீர்கள். சில மலிவு யூபிஎஸ்களும் வீட்டு இன்வெர்ட்டர்களும் கொடுக்கும் அலை, ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒத்துப்போகாமல் கரண்ட் போன நொடியே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். இரண்டையும் கடையிலேயே மாட்டி, ஓடும்போது பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துத்தான் 1000 விஏ யூபிஎஸ்ஸுக்குப் பணம் கொடுத்தோம்.

எல்லாம் பூட்டி முதல் தடவை போட்டபோது திரை வந்துவிட்டது. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. கேபினட்டின் ஓரத்தைத் தொட்டவன் சட்டென்று கையை இழுத்தான். "மாமா, ஜிவ்வுனு இழுக்குது!"

இந்த இடத்தில்தான் பலரும் "செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கபாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்து எர்த்துக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு. எர்த் செத்துக் கிடந்தால் கேபினட்டின் தகரத்தில் பாதி வோல்டேஜ் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளை அடிக்காது. ஆனால் உள்ளே எது பழுதானாலும் காப்பாற்ற ஆள் இல்லை என்று அர்த்தம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 224. பேஸுக்கும் எர்த்துக்கும் 131, அதுவும் நிலையில்லாமல் ஆடியது.

எர்த் குழி வீட்டுக்குப் பின்னால், வேலி ஓரம். போய்ப் பார்த்தால் கரிசல் மண் வெடித்து, பைப்பைச் சுற்றிலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி. மழையில் ஊதி வெயிலில் சுருங்குவது கரிசலின் குணம். கோடையில் மண் பைப்பை விட்டே விலகிவிடுகிறது. பைப்பைத் தொடுவது காற்று மட்டும்தான் என்றால் எர்த் எங்கே வேலை செய்யும்? வயரிங் பார்க்கிற பெரியவர் ஒருவர் வந்தார். மெயினை அணைத்துவிட்டுப் பைப்பைச் சுற்றித் தோண்டி, கரியும் கல் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கினார். சீமைக் கருவேலங்கரி மூட்டம் போடும் ஊரில் கரிக்கு என்ன பஞ்சம்? மேலே ரெண்டு குடம் தண்ணீர். துருப்பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றிப் புதிது மாட்டினார். "வெயில் காலம் பூரா வாரத்துக்கு ஒரு குடம் ஊத்திருங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். திரும்ப அளந்தபோது பேஸுக்கும் எர்த்துக்கும் 221. கூலி, உப்பு, கிளாம்ப் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்காகச் செலவழித்ததில் எனக்கு மிகவும் திருப்தி தந்த பணம் இதுதான்.

இனி, பையன் ஆசைப்பட்ட விஷயம். ப்ராசஸர் ஏஎம்டி ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட்ஸ், கூலரும் பெட்டியிலேயே வருகிறது. கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, சுமார் 21,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அவன் கேட்டது ஆர்டிஎக்ஸ் 3060. அதில் 12 ஜிபி நினைவகம், நல்ல கார்டுதான். ஆனால் அது 170 வாட்ஸ், இது 132. கார்டு தின்னும் ஒவ்வொரு வாட்ஸும் அறைக்குள் சூடாகத்தான் வெளியேறுகிறது. 38 டிகிரி அறையில் இந்த 38 வாட்ஸ் வித்தியாசத்தைக் கார்டும் உணரும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனும் உணர்வான். பழைய கார்டு மலிவாக வருகிறதே என்றும் கேட்டான். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் மைனிங் நின்றபின் இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் சந்தைக்கு நிறைய வந்தன. தேய்ந்த ஃபேனும் காய்ந்த தெர்மல் பேடும் நம் வெயிலில் தாங்காது என்று மறுத்துவிட்டேன்.

பணம் இன்னும் குறைவென்றால் 5600ஜி வாங்கிக் கார்டே இல்லாமல் தொடங்கலாம்; வேலரண்ட் அதிலேயே தாராளமாக ஓடும். பின்னால் கார்டு போடும்போது ஒரு குறை தெரியும்: 5600-இல் 32 எம்பி காஷ், 5600ஜி-யில் அதில் பாதிதான். ராம் 8 ஜிபி குச்சி இரண்டு. 16 ஜிபி ஒரே குச்சி வேண்டவே வேண்டாம், வேகம் குறையும்.

கேபினட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் பகல் முழுக்கத் தறி ஓடும். என் கம்ப்யூட்டரின் வடிகட்டியைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை உரித்தால் சாம்பல் நிறத்தில் பஞ்சுப் படலம் ஒரே தாளாகக் கழன்று வரும். அதனால் முன்னால் காற்றை உள்ளிழுக்க இரண்டு ஃபேன், பின்னால் வெளியேற்ற ஒன்று. உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால், இண்டு இடுக்கு வழியாகத் தூசி நுழையாமல் வடிகட்டி வழியே மட்டும் வரும். துடைக்கப் பெயிண்ட் பிரஷ் போதும். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சோதனை எங்கே நடத்த வேண்டும்? மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், மத்தியானம் மூன்று மணிக்கு. அறை 38 டிகிரி. ஜிடிஏ 5 ஒரு மணி நேரம். கட்டுப்பாடு இல்லாமல் ஓடவிட்டபோது கார்டு 76, ப்ராசஸர் 81. இந்த ப்ராசஸருக்கு எல்லை 90. பிரேமை 60-இல் நிறுத்தியதும் கார்டு 66-க்கு இறங்கியது. சுவரிலிருந்து இழுத்த மின்சாரம் 270 வாட்ஸிலிருந்து 170 ஆனது. தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 65 யூனிட் வரவேண்டிய இடத்தில் 41. நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை நினைத்தால் அக்காவுக்கு இந்தக் கணக்குத்தான் முக்கியம். அவன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்தான் என்பதால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வருஷம் ஒருமுறை தெர்மல் பேஸ்ட் மாற்றக் கூலரைக் கழற்றுவீர்கள். 5600 உட்காரும் ஏஎம்4 போர்டில் சில சமயம் ப்ராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டை விட்டே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அதன் பின்கள் வளைந்துவிடும். பத்து நிமிஷம் கேம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள்.

2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. எங்கள் பட்டியலின் 60,000-க்கு இப்போது இதே சாமான்கள் வராது. அப்படிக் குறைக்க நேர்ந்தால் கார்டைத் தள்ளிப்போட்டு 5600ஜி-யோடு தொடங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலும் யூபிஎஸ்ஸிலும் கை வைக்காதீர்கள். வாங்குவது மதுரையிலா, சென்னை ரிச்சி தெருவிலா, ஆன்லைனிலா என்பதைவிட, வாரண்டிக்கு எங்கே கொண்டுபோக வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மை நம் வெயிலில் வருஷத்துக்குள் மங்கிவிடுகிறது.