ஹோவார்டின் குப்பைக்குழியும் என் சிவப்பு அம்புக்குறியும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஒரு புராஜெக்ட்டில் ஒரு திரை இருந்தது. விவசாயியின் வயல் வரைபடம், அதன் பக்கத்தில் தொட்டி மாதிரி ஒரு படம். மண்ணுக்குள் போகும் கார்பனுக்குப் பச்சை அம்புக்குறி. மண்ணிலிருந்து கரியமில வாயுவாக வெளியேறும் கார்பனுக்குச் சிவப்பு அம்புக்குறி, அதன் கீழே ‘இழப்பு’ என்று ஒரு சொல். நிறத்தையும் சொல்லையும் தேர்ந்தெடுத்தது நான்தான். வயல்களில் சேரும் கார்பனை அளந்து விற்பனைக்கு உரிய கணக்காக மாற்றுவது அந்தச் செயலியின் வேலை. டெமோவில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் ஏதோ உலகத்துக்கு நல்லது செய்கிற மிதப்பு.

பொங்கலுக்கு மன்னார்குடிப் பக்கம் ஊருக்குப் போனபோது லேப்டாப்பில் அதைப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏன்டா தம்பி, குப்பை மக்குறத நஷ்டம்னு போட்டுருக்கியே. மக்காம அப்படியே கெடந்தா பயிரு எதத் திங்கும்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. “அது வேற கணக்கு பெரியப்பா” என்று மழுப்பினேன். அந்த வேறு கணக்கு என்ன என்று தேடிப் போனபோதுதான் ஆல்பர்ட் ஹோவார்டின் ‘ஆன் அக்ரிகல்சுரல் டெஸ்டமென்ட்’ கைக்கு வந்தது. 1940இல் வெளியான புத்தகம். இயற்கை விவசாயம் பேசுகிற எவரும் கடைசியில் இந்தப் புத்தகத்தின் வாசலில்தான் வந்து நிற்பார்கள். ஃபுகுவோகாவையும் நம்மாழ்வாரையும் வாசித்தவர்கள்கூட இதை முழுதாக வாசித்திருப்பார்களா என்பது சந்தேகம். நானும் மேற்கோள்கள் வழியாக மட்டுமே அறிந்திருந்தேன். முழுதாக வாசித்தபோது வியப்பும் எரிச்சலும் மாறி மாறி வந்தன.

வியப்பு முதலில். ஹோவார்ட் இங்கிலாந்தில் ஒரு விவசாயியின் மகன், 1873இல் பிறந்தவர். 1905இல் பீகாரின் பூசாவுக்கு அரசு தாவரவியலாளராக வந்தார். காலனிய அரசு அனுப்பிய விஞ்ஞானி உள்ளூர் விவசாயிக்குப் பாடம் எடுக்கத்தான் வருவார். இவர் அந்த விவசாயிகளையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தன் பேராசிரியர்கள் என்று சொல்லிக்கொண்டார். 1924இல் இந்தூரில் ஆய்வு நிலையம் தொடங்கி, பயிர்க்கழிவு, சாணம், மூத்திரம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் குழியில் அடுக்கி, மூன்று முறை புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை உருவாக்கினார். ‘இந்தூர் முறை’ என்று உலகம் முழுக்கப் போன பெயர் அது. 1931இல் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து அதைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். பின்னாளில் வாட் பெயரை யாரும் சொல்வதில்லை. பூசாவிலும் இந்தூரிலும் சரிபாதி ஆய்வைச் செய்த மனைவி கேப்ரியலின் பெயரும் பெரும்பாலும் அப்படித்தான். டெஸ்டமென்ட் அவருக்குத்தான் சமர்ப்பணம். ஆனால் சமர்ப்பணப் பக்கமும் அட்டைப் பக்கமும் ஒன்றா?

ஹோவார்டின் மையக் கருத்து எளிமையானது. வளர்ச்சி, சிதைவு என்று இரண்டு பாதிகள். விவசாய விஞ்ஞானம் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு இரண்டாம் பாதியைக் குப்பை என்று தள்ளிவிட்டது. எடுத்ததைத் திருப்பிக் கொடு என்பது அவருடைய சட்டம். தழை, மணி, சாம்பல் மூன்றையும் மூட்டையில் கட்டிப் போட்டால் போதும் என்ற எண்ணத்தை ‘என்.பி.கே. மனோபாவம்’ என்று கிண்டல் செய்கிறார். (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகிய மூன்று தனிமங்களுக்கும் தமிழில் இலை, தானியம், அடுப்புச் சாம்பல் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் வயல் பார்த்தவர்.)

சிதைவைப் பாதி உலகமாகப் பார்த்த அந்தக் கண்ணுக்காகவே இந்தப் புத்தகத்தை வாசிக்கலாம். என் எரிச்சல் வேறு இடத்தில். சிதைவின் முக்கியத்துவத்தைச் சொன்னவர், சிதைவின் உள்ளே என்ன நடக்கிறது என்று வரும்போது ‘ஹ்யூமஸ்’ என்ற ஒற்றைச் சொல்லில் போய் நின்றுவிடுகிறார். ஹ்யூமஸ் இருந்தால் பயிர் நலம், மாடு நலம், மனிதன் நலம். இல்லையென்றால் எல்லாம் நோய். நூறு பக்கம் தாண்டும்போது ஹ்யூமஸ் ஒரு பொருளாக இல்லாமல் பிரசாதமாகிவிடுகிறது.

உள்ளே நடப்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். கணக்கு எனக்குப் பழக்கப்பட்ட மொழி, பொறுத்துக்கொள்ளுங்கள். வைக்கோலில் 80 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நுண்ணுயிரின் உடம்பில் விகிதம் ஏறக்குறைய 8க்கு 1. வைக்கோலைத் தின்னும் நுண்ணுயிர் அந்த 80இல் மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக எரித்துவிடும். மிச்சம் 27 பங்கில் உடம்பு கட்ட வேண்டும். 27 கார்பனுக்கு 3க்கு மேல் நைட்ரஜன் தேவை. வைக்கோலில் இருப்பதோ 1. பாக்கியை எங்கே வாங்கும்? சுற்றியுள்ள மண்ணில்தான். அதாவது பயிருக்குப் போக வேண்டியதை நுண்ணுயிர் முந்திக்கொள்கிறது. பச்சை வைக்கோலை அப்படியே மடக்கி உழுத வயலில் நாற்று வெளிறிப்போவது இதனால்தான்.

இப்போது இளசான தக்கைப்பூண்டு, 15க்கு 1 என்று கொள்வோம். 15இல் 10 மூச்சாகப் போகும். 5 கார்பனுக்கு 0.6 நைட்ரஜன் போதும். மிச்சம் 0.4 மண்ணில் விடப்படும், பயிர் எடுத்துக்கொள்ளும். பசுந்தாள் உரத்தின் ரகசியம் இவ்வளவுதான். மூச்சாகப் போன அந்த 10 இல்லாமல் இந்த 0.4 வெளியே வராது. நான் சிவப்பு அடித்தது அந்த 10க்கு.

கதை அதோடு முடியவில்லை. பாக்டீரியாக்களின் உடம்பில் கட்டப்பட்ட நைட்ரஜன் அங்கேயே தங்கிவிட்டால் பயிருக்கு என்ன லாபம்? அந்த பாக்டீரியாக்களைத் தின்ன ஒற்றைச் செல் விலங்குகளும் நூற்புழுக்களும் மண்ணில் திரிகின்றன. தின்று, கார்பனில் பெரும்பகுதியை மூச்சாக விட்டு, தமக்குத் தேவைப்படாத நைட்ரஜனை அம்மோனியமாகக் கழிக்கின்றன. வேருக்குக் கிடைக்கும் தழைச்சத்தில் ஒரு பகுதி, தின்றவனைத் தின்றவன் கழித்தது. செடியும் சும்மா இருப்பதில்லை. சூரிய ஒளியில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாகக் கசியவிட்டு இந்தக் கூட்டத்தை வேரைச் சுற்றி வளர்க்கிறது. பாஸ்பரஸ் தேடி வேரால் போக முடியாத சந்துகளுக்குள் வேர்ப்பூஞ்சை தன் இழைகளை அனுப்புகிறது, கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. இந்தப் பூஞ்சையை ஹோவார்ட் கவனித்தார், ஒரு அத்தியாயத்தின் கனத்தை அதன் மேல் ஏற்றினார். அவர் காலத்தில் அது பெரிய துணிச்சல். ஆனால் பயிரின் ஆரோக்கியம், தரம், நோய் எதிர்ப்பு எல்லாவற்றுக்கும் அந்த இழைகளையே காரணமாக்கினார். அவ்வளவு பாரத்தை அந்த இழை தாங்காது.

ஹ்யூமஸ் என்ற சொல்லுக்கே பிற்பாடு சிக்கல் வந்தது. மண்ணைக் காரத்தில் ஊறவைத்து வடித்தால் கறுப்பாக ஒரு வஸ்து வரும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அதைத்தான் மண்ணின் நிலையான சாரம் என்று நம்பினார்கள். 2015இல் லேமனும் கிளீபரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையை நேராக மறுத்தது. அந்தக் கறுப்புப் பொருள் வடிக்கும் முறையில் உருவாவது, மண்ணில் அப்படித் தனியாக ஒன்று இல்லை. இருப்பதெல்லாம் சிதைவின் வெவ்வேறு படிகளில் உள்ள துண்டுகள், களிமண்ணில் ஒட்டிக்கொண்டவை, நுண்ணுயிர்களின் பிணங்கள். ஆமாம், பிணங்கள். பல விவசாய மண்களில் கரிமக் கார்பனின் பாதியளவு செத்த நுண்ணுயிர்களின் மிச்சம் என்று மதிப்பிடுகிறார்கள்.

‘மக்கு’ என்று நாம் சொல்வது இந்த இடத்தில் நல்ல சொல். அது முதலில் வினை, பிறகுதான் பொருள். புத்தி வேலை செய்யாத பையனை மக்கு என்று திட்டுவதுதான் பொருத்தமில்லை. மக்கும் பொருளுக்குள் நடக்கிற வேலை அப்படி.

ஹோவார்ட் அதிகம் சண்டை போட்டது இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தோடு. அங்கே பிராட்பாக் என்ற வயலில் 1843 முதல் கோதுமைச் சோதனை நடந்துவருகிறது. ஒரு பாத்திக்கு வருடா வருடம் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம், இன்னொன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. ஹோவார்டின் சொல்படி ரசாயனப் பாத்தி எப்போதோ செத்திருக்க வேண்டும். சாகவில்லை. விளைச்சலில் தொழுவுரப் பாத்தியோடு ஏறக்குறைய ஈடுகொடுத்தே வந்திருக்கிறது. இந்த இடத்தில் ஹோவார்டின் பக்தர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். எதிர்த்தரப்பும் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். தொழுவுரப் பாத்தியின் மண் கார்பன் ரசாயனப் பாத்தியைவிட இரண்டு மடங்குக்கு மேல். மண் பொலபொலப்பாக இருக்கிறது, நீர் பிடிக்கிறது.

எனக்கு அந்த வயலில் முக்கியமாகப் படுவது வேறு. 180 வருடம் 35 டன் கொட்டியும் கார்பன் ஏறிக்கொண்டே போகவில்லை. முதல் பல பத்தாண்டுகள் வேகமாக ஏறி, பிறகு மெதுவாகித் தட்டையாகிக்கொண்டு வருகிறது. கொட்டுவதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் அந்தந்த வருடமே தின்று மூச்சாக விட்டுவிடுகின்றன. கொட்டுவதை நிறுத்தினால் இருப்பும் இறங்கத் தொடங்கும். என் திரையில் இருந்தது அடைத்து வைக்கும் தொட்டி. பிராட்பாக்கில் இருப்பது ஓடுகிற வாய்க்கால், அதன் நீர்மட்டத்தைத்தான் நாம் இருப்பு என்கிறோம்.

ஹென்றி ஜான்ஸன் என்ற கனடிய மண்ணியலாளர் 2006இல் இதையே ஒரு கேள்வியாகக் கேட்டார்: மண் கார்பனைப் பதுக்கப்போகிறோமா, பயன்படுத்தப்போகிறோமா? பருவநிலைக்காகப் பதுக்க வேண்டும். பயிருக்காகச் சிதைய வேண்டும். இரண்டும் ஒரே கார்பன். பெரியப்பா கேட்டது இந்தக் கேள்வியைத்தான், ஆய்வுக்கட்டுரை இல்லாமல். பதுக்கும் கட்சியிலும் நியாயம் உண்டு. உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் ஏறக்குறைய 1,500 பில்லியன் டன் கார்பன் இருக்கிறது. காற்றில் உள்ளதையும் செடிகொடிகளில் உள்ளதையும் கூட்டினால்கூட அதைவிடக் குறைவு. அது வேகமாகச் சிதைந்தால் நாம் தொலைந்தோம். அதனால் சிவப்பு அம்பை அப்படியே பச்சையாக்குவதும் பொய்தான்.

இங்கே குறள் ஞாபகம் வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. ‘அன்றே சொன்னார் வள்ளுவர்’ விளையாட்டில் எனக்கு விருப்பமில்லை, வள்ளுவருக்கு பாக்டீரியா தெரியாது. ஆனால் உழவு அதிகாரத்தில் ஒரு குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவு காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது. 1958இல் கென்யாவில் பணியாற்றிய பர்ச் என்ற ஆய்வாளர், நன்றாகக் காய்ந்த மண் நனையும்போது கரியமில வாயுவும் தழைச்சத்தும் திடீரெனப் பொங்குவதை விளக்கினார். காய்ச்சலில் ஏராளமான நுண்ணுயிர்கள் சாகின்றன. மழை விழுந்ததும் பிழைத்தவை பிணங்களையும் அவிழ்ந்த பழைய கரிமத்தையும் தின்று கொண்டாடுகின்றன. கோடை உழவுக்குப் பின் முதல் மழையில் பயிர் எழும்புவதில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பொங்கல் சேமிப்பிலிருந்து எடுத்த பணம். அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று வருகிறது. முதல் குறளை மட்டும் பிடித்துக்கொண்டு வருடா வருடம் காயவைத்தால் மண் ஓட்டாண்டியாகும். ஹோவார்டிடம் இரண்டாவது குறள் மட்டும் இருக்கிறது. என் செயலியில் இரண்டுமே இல்லை.

கடைசியாக ஒரு குறை. 1937-38இல் ஹோவார்ட் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கிறார். தேயிலை வேரின் பூஞ்சையைப் பற்றி உற்சாகமாக எழுதுகிறார். தோட்டக் கழிவை எல்லாம் குழிகளுக்குக் கொண்டுவர வேண்டும், அடுக்க வேண்டும், புரட்ட வேண்டும். இலங்கை மலையகத்தில் அந்தக் கூடையைத் தூக்கியவர்கள் நம் ஊர்களிலிருந்து போனவர்கள். திருப்பிக் கொடு என்பதைச் சட்டமாக எழுதியவரின் பக்கங்களில் அவர்களின் குரல் கேட்பதில்லை. மண்ணுக்கு எடுத்ததைத் திருப்பச் சொன்னவருக்கு, மனிதர்களிடம் எடுத்ததைப் பற்றி யோசனை வரவில்லை. இன்றும் இயற்கை விவசாய எழுத்தில் இந்த மௌனம் தொடர்கிறது. எருக்குழி புரட்டுவது யார், கூலி என்ன என்று கேட்டால் நம்மை ரசாயனக் கம்பெனி ஆள் மாதிரி பார்ப்பார்கள்.

புத்தகத்தை முடித்த வாரம் ஆபீஸில் ஒரு டிக்கெட் போட்டேன். ‘வெளியேறும் அம்புக்குறியின் நிறத்தை மாற்றவும், இழப்பு என்ற சொல்லை நீக்கவும், பயிருக்குப் போகும் தழைச்சத்துக்குத் தனி அம்புக்குறி சேர்க்கவும்.’ மேனேஜர் கூப்பிட்டு, “இது விவசாயிக்கான ஸ்கிரீன் இல்லப்பா, வாங்குறவங்களுக்கானது” என்றார். முன்னுரிமையைக் கடைசிக்குத் தள்ளினார். நான் அந்த வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. அங்கே இருக்கும் நண்பனிடம் போன வாரம் கேட்டேன். டிக்கெட் இன்னும் திறந்துதான் இருக்கிறதாம்.