எழுத்தும் பொருளும்

மனிதனின் டி.என்.ஏ.யை ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட நூல் என்பர். நூலைப் படிப்போர், அது சொல்லாத பொருளை அதன்மேல் ஏற்றிவிடலாகாது. அவ்வாறு ஏற்றப்பட்ட இரண்டினை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, நம் மதுரையைச் சார்ந்தது. திருநகருக்குத் தொலைவில் இல்லாத மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் குழுவினர், ஜோதிமாணிக்கம் என்னும் சிற்றூரில் ‘எம்130’ என்ற மரபடையாளத்தைக் கண்டனர். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை பரவிய தொன்மாந்தரின் சுவடு அது. ஸ்பென்சர் வெல்ஸ் தொகுத்து வழங்கிய ‘தி ஜர்னி ஆஃப் மேன்’ என்னும் 2003ஆம் ஆண்டுப் படம் இதனை உலகறியச் செய்தது. ஆய்வு போற்றத்தக்கதே. ஆயின், அதனைக் கொண்டு ‘முதல் இந்தியர்’ என்று பட்டம் சூட்டியது பொருந்தாது. இவ்வடையாளம் அமைந்துள்ள ஒய் குரோமோசோம், தந்தை, அவர் தந்தை என ஒரே வழியைத்தான் காட்டும். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உள. அவற்றுள் ஒன்றைப் பற்றியே அது பேசும். ஓர் இஸ்னாதைக் கண்டு எல்லா அறிவிப்புகளையும் அறிந்ததாக ஹதீஸ் கலை பயின்றோர் கூறுவரோ? அரபு வமிசம் பேசிப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கும் நம் குடும்பத்தாரும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இரண்டாவது, நம்பிக்கையாளர் சிலர் செய்வது. புரதத்திற்குக் குறிப்பளிக்கும் பகுதி டி.என்.ஏ.யில் 2 விழுக்காட்டிற்கும் குறைவு. எஞ்சியவற்றுள் பெரும்பகுதியைச் சிலர் ‘குப்பை’ என்றனர். 2012இல் ‘என்கோட்’ ஆய்வுத் திட்டத்தினர், 80 விழுக்காட்டில் ஏதேனும் ஓர் உயிர்வேதியியல் செயல் உண்டு என்றனர். ‘படைப்பின் திட்டம் மெய்ப்பிக்கப்பட்டது’ என அறிவார்ந்த வடிவமைப்புக் கொள்கையினர் மகிழ்ந்தனர். செயல் நிகழ்வது வேறு, பயன் இருப்பது வேறு என 2013இல் டான் கிரௌர் முதலிய அறிஞர்கள் மறுத்தனர். மறுப்பில் வலுவுண்டு. ஸர்ஃபு இலக்கணத்தில் மிகையெழுத்து என்பதனால் அது பயனற்றதாகிவிடாது; ஒலிக்கிறது என்பதனால் மட்டும் பொருளுடையதாகியும் விடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆய்ந்தே முடிவு கூறல் வேண்டும்.

அல்லாஹ்வின் படைப்பாற்றலை 80 என்னும் எண்ணில் நாட்டுவோர், நாளை அவ்வெண் 10 ஆகக் குறைந்தால் தம் ஈமானையும் குறைத்துக்கொள்வரோ? ஆய்வுக்கூடத்து எண் மாறும் இயல்பினது; மாறுவதே அதன் நேர்மை. ஆதலின், நம் பிள்ளைகள் உயிரியலை அச்சமின்றிக் கற்கட்டும். அதில் வமிசப் பெருமையையோ மார்க்கச் சான்றையோ தேட வேண்டா என்பதே நாம் கூறுவது.